ஈயத்தை மறைக்கும் ஜாக்கெட்

சொந்தமாக மிதப்புக் கருவி (பிசிடி) வாங்க நினைக்கும் புதிய ஸ்கூபா டைவர்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதன் சாரம் இதுதான்: மார்பையும் விலாவையும் சுற்றி வரும் ஜாக்கெட் வகை பிசிடியையே வாங்குங்கள். கடையில் இருப்பதில் எது அதிக எடையைத் தூக்குமோ அதை வாங்குங்கள். முதுகில் ஓர் உலோகத் தகடும் அதன் பின்னால் ஒரு காற்றுப்பையும் கொண்ட ‘பேக்பிளேட் விங்’ பக்கம் போகாதீர்கள், அது குகைக்குள் நுழைபவர்களின் சமாச்சாரம். மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தின் அளவில் சந்தேகம் வந்தால் 2 கிலோ கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள், தூக்கத்தான் ஜாக்கெட் இருக்கிறதே!

அந்தக் கடைசி வரியில் குட்டு உடைந்துவிட்டது. முந்தைய வரிகள் எல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்க எழுதப்பட்டவை. மிதப்புக் கருவி எதற்கு என்ற அடிப்படைக் கேள்வியைக் கட்டுரையாளர் ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டுரையே எழுந்திருக்காது.

அவர் கேட்காததை நாம் கேட்போம். தண்ணீருக்கடியில் அந்தக் காற்றுப்பைக்கு இரண்டே வேலைகள். ஒன்று, சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடையை ஈடுகட்டுவது. காற்றுக்கும் எடை உண்டு. நம் கடற்கரைகளில் பெரும்பாலும் புழங்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில், நிரப்பியபின் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். அதன் எடை 2.6 கிலோ. நிரம்பிய சிலிண்டர் தண்ணீரில் அரை கிலோவுக்குச் சற்று மேல் கீழே இழுக்கும். காலியானதும் அதே சிலிண்டர் ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கும். டைவ் முடியும் நேரத்தில் நம்மைக் கீழே நிறுத்தி வைக்கும் அளவுக்கு ஈயம் கட்டவேண்டும் என்பதால், தொடங்கும் நேரத்தில் அந்த 2.6 கிலோ உபரியாக நிற்கும். அதைத் தூக்கப் பை வேண்டும்.

இரண்டாவது வேலை வெட்சூட்டைச் சார்ந்தது. அந்த ரப்பர் துணிக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. ஆழம் போகப் போக அவை நசுங்கும். நசுங்க நசுங்க உடையின் மிதப்பு குறையும். முழு உடம்பை மூடும் 3 மி.மீ. வெட்சூட் மேற்பரப்பில் ஏறத்தாழ 2 கிலோ மிதப்புத் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஆழத்தில் அதில் பாதிக்கு மேல் போய்விடும், ஒன்றரைக் கிலோ போகும் என்றே கணக்கிடலாம். அதையும் பை ஈடுகட்ட வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். 2.6ம் 1.5ம் சேர்ந்தால் 4 கிலோவும் கொஞ்சமும். மேலே வந்து படகுக்குக் காத்திருக்கையில் தலையைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருக்க இன்னொரு 4, 5 கிலோ தூக்குவிசை வேண்டும்; ஆனால் அங்கே வெட்சூட் தன் மிதப்பைத் திரும்பப் பெற்றுவிட்டிருக்கும். எப்படிப் பார்த்தாலும் 7, 8 கிலோவுக்குள் கணக்கு முடிகிறது. கருவியைக் கழற்றித் தண்ணீரில் போட்டாலும் அது மூழ்காமல் தன்னையே தூக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதியையும் சேருங்கள், சக டைவருக்குக் கைகொடுக்கக் கொஞ்சம் மிச்சமும் வையுங்கள். 12 முதல் 14 கிலோ தூக்கும் பை ஒன்று, 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும் அந்தமான், புதுச்சேரி, திருகோணமலைக் கடல்களுக்குத் தாராளம். கட்டுரையாளர் 20 கிலோ தூக்கும் ஜாக்கெட்டைச் சிபாரிசு செய்கிறார். மிச்சமுள்ள 6, 8 கிலோ எதைத் தூக்க? அவர் கட்டச் சொல்லும் உபரி ஈயத்தைத் தூக்க. வேறு விடை இல்லை.

உப்பு கரித்த குழம்பில் தண்ணீர் ஊற்றி, அது சப்பென்று போனதும் மறுபடி உப்பு போட்டு, கடைசியில் பெரிய பாத்திரம் தேடும் சமையல்தான் இது. ஈயம் கூடிப்போனால் காற்று ஊதுகிறோம். ஊத இடம் போதாவிட்டால் பெரிய பை வாங்குகிறோம். ஈயத்தைக் கழற்றினால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை.

‘கூட இருந்தால் என்ன கெட்டுப்போகும்?’ என்பது கட்டுரையாளரின் தொனி. என்ன கெடும் என்பதை ராபர்ட் பாயில் 1662லேயே எழுதிவைத்துவிட்டார்: அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். இரண்டு பேர் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறார்கள். முதலாமவர் அளவோடு ஈயம் கட்டியவர். பையில் 3 லிட்டர் காற்று. இரண்டாமவர் கட்டுரையாளரின் சீடர், 5 கிலோ கூடுதலாகக் கட்டியவர். அதைச் சமாளிக்கப் பையில் 8 லிட்டர் காற்று. இருவரும் காற்றை வெளியேற்றாமல் 10 மீட்டருக்கு ஏறுகிறார்கள். அழுத்தம் 3 பாரிலிருந்து 2 ஆகிறது, காற்று ஒன்றரை மடங்காகிறது. முதலாமவரின் 3 லிட்டர் நாலரை ஆகிறது. அவரை மேலே தள்ளும் உபரி விசை ஒன்றரைக் கிலோ. ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டு, பையின் வால்வை ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். இரண்டாமவரின் 8 லிட்டர் 12 ஆகிறது. உபரி விசை 4 கிலோ. அது அவரை இன்னும் வேகமாக மேலே கொண்டுபோகும். வேகமாகப் போனால் இன்னும் விரியும். பதற்றத்தில் வெளியேற்றும் பொத்தானுக்குப் பதிலாக ஊதும் பொத்தானை அமுக்குபவர்களும் உண்டு. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே, 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடங்களை எல்லாம் அந்தப் பை மீறிக்கொண்டிருக்கும், அதற்குள் இருக்கும் மனிதர் வெறும் பயணி.

காற்றை அளவுக்கு மேல் வெளியேற்றிவிட்டாலோ எதிர்த்திசையில் அதே ஆட்டம். கல்லாக இறங்குவார், மறுபடி ஊதுவார். ஒவ்வொரு ஊதலும் அவர் சுவாசிக்க வேண்டிய சிலிண்டரிலிருந்துதான் போகிறது. இடுப்பில் தொங்கும் ஈயம் காலைக் கீழே இழுக்க, மார்பைச் சுற்றிய காற்று தலையை மேலே தூக்க, உடம்பு சாய்வாக நிற்கும். சாய்ந்த உடம்பு தண்ணீரை முட்டிக்கொண்டு போகும், மூச்சு வாங்கும், காற்று இன்னும் வேகமாகத் தீரும். துடுப்பு கீழே பவளத்தில் அடிக்கும், மணலைக் கிளப்பும். அந்தமானின் பவளப் பாறைகள் கடல் சூடேறி வெளுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், உபரி ஈயம் கட்டிய கால்களையும் அவை தாங்க வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கட்டுரையாளர் பத்திக்குப் பத்தி தூவியிருக்கிறார். பாதுகாப்பைப் பற்றிப் பேச எண்கள் இருக்கின்றன. பெட்டார் டெனோபிள் குழுவினர் 947 பொழுதுபோக்கு டைவர்களின் மரணங்களை ஆராய்ந்து 2008ல் வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்தது எது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதத்தில் காற்று தீர்ந்துபோனதே காரணம். சிக்கிக்கொண்டது 20 சதவீதம். கருவிக் கோளாறு 15 சதவீதம். அடுத்த கட்டத்தில் ஆளைச் சாய்த்தவற்றில் அவசரமாக மேலேறியது 55 சதவீதம். காற்றைத் தின்பதும் கட்டுப்பாடின்றி மேலே தூக்குவதும் எது? உபரி ஈயமும் அதை ஈடுகட்ட ஊதிய உபரிக் காற்றும் இரண்டையுமே செய்யும். பெரிய பை பாதுகாப்பு என்பவர் இந்த எண்களின் அருகில்கூட வரவில்லை. ஊதும் வால்வு சிக்கிக்கொண்டு தானே நிரம்பத் தொடங்கும் கோளாறு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. வகுப்பில் அதற்குப் பயிற்சியே உண்டு. அந்த நேரத்தில் 20 கிலோ தூக்கும் பை 20 கிலோவாகத் தூக்கும். குழாயைக் கழற்றும் அந்தச் சில விநாடிகளில் எந்தப் பை உங்கள் முதுகில் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரலாறு. ஜாக்கெட்தான் பொழுதுபோக்கு டைவரின் இயல்பான உடை, விங் பின்னால் குகைக்காரர்கள் கொண்டுவந்த வம்பு என்கிறார். பாதி உண்மை எப்போதும் வசதியானது. ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் ஜாக்கெட் 1971ல் வந்தது. அமெரிக்காவின் வட ஃப்ளோரிடா குகை டைவர்களுக்காக கிரெக் ஃப்ளானகன் தகட்டை உருவாக்கியது 1979ல். அதைச் செம்மைப்படுத்தியவர் பில் ஹோகார்த் மெயின். இதுவரை சரி. அதற்கு முன்னால்? 1961ல் பிரான்ஸில் மோரிஸ் ஃபென்ஸி, கழுத்தில் மாட்டும் பை ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கும் முன்னால் பையே கிடையாது. கூஸ்தோவும் கான்யானும் 1943ல் அக்வாலங் என்ற சுவாசக் கருவியை உருவாக்கியதிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், முதுகில் சிலிண்டரும் அதைப் பிடித்துக்கொள்ளும் பட்டையும் மட்டுமே. 1956ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வென்ற கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ படத்தைப் பாருங்கள். அந்த டைவர்களின் மார்பில் ஜாக்கெட்டைத் தேடிப் பயனில்லை. காப்பாற்றப் பை இல்லாததால் அவர்கள் ஈயத்தை அளந்து கட்டினார்கள், மிச்சத்தை நுரையீரலால் சமாளித்தார்கள். இந்த விளையாட்டின் ஆதி ஒழுக்கம் அளந்து கட்டுவதுதான். பை பிற்பாடு வந்த உதவியாள்.

நம் பக்கத்துச் சான்றும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் துணையோடு இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டார்கள். படகில் இருந்தவர் கயிற்றால் அதை மேலே இழுத்துக்கொண்டார். எடை எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம்தான். சந்தேகத்துக்கு இன்னொரு கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு முத்துத் தேட யாரும் போனதில்லை.

மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்குப் போகிறவர்களுக்குத்தான் விங் என்று கட்டுரையாளர் கேலி செய்கிறார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கி, பொழுதுபோக்கு டைவர்களுக்கான 40 மீட்டர் எல்லைக்குக் கீழே கிடக்கிறது. அங்கே போகிறவர்கள் இரட்டைச் சிலிண்டர் மாட்டுகிறார்கள். அதற்குரிய பெரிய விங் வேண்டும். ஒற்றைச் சிலிண்டருக்கு அதே தகட்டில் சிறிய பையை மாட்டினால் போதும். கருவி ஒன்று, பை வேறு. தகட்டின் பெரிய சௌகரியமே இதுதான். இதைக்கூட விசாரிக்காமல் ஆழக் கடல்காரர்களின் கருவி என்று முத்திரை குத்துவதற்கு எதற்கு ஒரு கட்டுரை?

விங் மேற்பரப்பில் முகத்தைக் குப்புறத் தள்ளும் என்ற பூச்சாண்டிக்கு வருவோம். தள்ளும், முழுசாக ஊதி, ஈயத்தை எல்லாம் வயிற்றுப் பக்கம் கட்டிக்கொண்டு, தண்ணீரில் செங்குத்தாக நின்றால் தள்ளும். தேவைக்கு மட்டும் ஊதி, கொஞ்சம் மல்லாந்து சாய்ந்தால் மெத்தையில் கிடப்பது மாதிரிக் கிடக்கலாம். இரும்புத் தகட்டின் எடை முதுகிலேயே இருப்பதும் அதற்குத் துணை. ஜாக்கெட் மட்டும் என்ன? முழுசாக ஊதினால் விலாவை நெரித்து, மூச்சு வாங்க வேண்டிய நேரத்தில் மூச்சை மறிக்கும். வாடகை ஜாக்கெட் போட்ட எவரையும் கேளுங்கள். மயங்கியவரை ஜாக்கெட் முகம் மேலே வைத்துக் காப்பாற்றும் என்று அவர் எழுதியிருப்பதுதான் ஆபத்தின் உச்சம். எந்த பிசிடியும் உயிர்காப்பு மேலங்கி அல்ல. ஐரோப்பாவில் இக்கருவிகளுக்கு இஎன் 1809 என்ற தரநிர்ணயம் உண்டு. இது லைஃப் ஜாக்கெட் அல்ல, தலை மேலே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கையேடுகளிலேயே அச்சிடுகிறார்கள். விற்கிற கம்பெனி கொடுக்கத் துணியாத உத்தரவாதத்தை நம் கட்டுரையாளர் இலவசமாகக் கொடுக்கிறார். அதை நம்பி ஒருவர் துணையில்லாமல் இறங்கினால் பொறுப்பு யாருடையது?

மெத்தை, பைகள், ஈயம் செருகும் அறைகள் பற்றி அவர் உருகுவதற்குச் சுருக்கமான பதில் போதும். தோளில் மெத்தை கடைக்குள் சுகம். தண்ணீருக்குள் சிலிண்டருக்கு ஏறக்குறைய எடையே இல்லாதபோது மெத்தைக்கு வேலையும் இல்லை. வேலை இல்லாததோடு, மெத்தை மிதக்கும். காற்றை எல்லாம் வெளியேற்றிய பிறகும் தானே மிதக்கும் ஜாக்கெட்டுகள் உண்டு. அவற்றை மூழ்கடிக்க இன்னும் கொஞ்சம் ஈயம். ஈயம் செருகும் அறைகளை விங்கின் இடுப்புப் பட்டையிலும் மாட்டலாம், சிலிண்டர் பட்டையிலும் மாட்டலாம். ஜாக்கெட்டின் தையல் விட்டால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டும். விங்கில் பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றினால் போதும், தகடு உங்கள் பிள்ளைக்கும் உழைக்கும்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் நிற்கிறது: இரும்புத் தகட்டைப் பயணத்தில் சுமப்பது பாரம். அது ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது முன்னாள் போர்ட் பிளேருக்கு, விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டிதான் அனுமதி. அதில் இது கணிசம். ஆனால் தகட்டில் ஒரு கிலோவுக்கும் குறைவான அலுமினிய வகையும் உண்டே! இரும்பு சிலிண்டரும் மெல்லிய உடையுமாக இறங்குபவர் அலுமினியத் தகடுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் கழற்ற முடியாத எடை கூடிவிடும். அலுமினிய சிலிண்டரோடு இறங்கும் நம்மவர்க்கோ இரும்புத் தகடு கட்டவேண்டிய ஈயத்தில் பெரும்பகுதியைத் தானே சுமந்துவிடும். எந்தத் தகடு என்பதும் கணக்குதான். பாரம் என்று ஒதுக்கிவிட்டு மறுபத்தியில் 2 கிலோ ஈயத்தைக் கூட்டச் சொல்வது என்ன நியாயம்?

விங்காரர்கள் ஒரு மதக் கூட்டம் என்ற அவர் வசை முழுப் பொய்யல்ல. ‘சரியாகச் செய்’ என்ற கோஷத்தோடு 1990களில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய மரபில், பட்டையின் நீளத்துக்கும் வளையத்தின் இடத்துக்கும் வேதவாக்கு தேடுபவர்கள் உண்டு. இரட்டைச் சிலிண்டருக்கான 25 கிலோ விங்கை ஒற்றைச் சிலிண்டருக்கு மாட்டிக்கொண்டு, அது இருபுறமும் மடிந்து சிலிண்டரைச் சுற்றிக்கொள்ள, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற முடியாமல் தத்தளிப்பவர்களும் உண்டு. அவர்கள் செய்யும் தவறும் கட்டுரையாளர் செய்யும் தவறும் ஒன்றே: கணக்குப் போடாமல் பையின் அளவைத் தீர்மானிப்பது. ஆகவே அந்த வசையை அவர் கண்ணாடி முன் நின்றும் சொல்லிப் பார்க்கலாம்.

பின் ஏன் எங்கும் ஜாக்கெட்? டைவ் மையங்களுக்கு அது வசதி. ஒரே காலையில் பல உடம்புகளுக்கு மாட்டிக் கழற்ற வேண்டும்; கொக்கிகளை இழுத்தால் ஏறக்குறைய பொருந்திவிடும்; எல்லா இன்ஸ்ட்ரக்டரும் அதில்தான் பழகியிருக்கிறார்கள். புதியவர் மிதந்து தொல்லை கொடுக்காமல் முழங்காலிட்டு அடியில் உட்கார வேண்டும் என்பதால் ஈயத்தையும் தாராளமாகக் கட்டிவிடுகிறார்கள். வாடகைக்கு அது சரி. ஒரு நாள் அனுபவத்துக்கு வருபவர்க்கு அது போதும். ஆனால் சொந்தமாக வாங்குபவரின் தேவை வேறு. அவர் ஒரே உடம்புக்கு, ஒரே உடைக்கு, ஆண்டுக்கணக்காக உழைக்க வாங்குகிறார். மையத்தின் வசதியை எடுத்து வாங்குபவரின் பாதுகாப்பு என்று பெயர் மாற்றி விற்பதுதான் அந்தக் கட்டுரை செய்யும் காரியம்.

வாங்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கையில், துணையோடு, மேற்பரப்பில் நின்று பையின் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். வழக்கமான மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்போது தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். கல்லாக இறங்கினால் ஒரு கிலோவைக் கழற்றிவிட்டு அடுத்த முறை மறுபடி பாருங்கள். சரியான எடை தெரிந்தபின் காற்றின் எடையையும் உடையின் இழப்பையும் தலையை வெளியே நிறுத்தும் அளவையும் கூட்டுங்கள். அந்த எண்ணோடு கடைக்குப் போங்கள். ஜாக்கெட்டோ விங்கோ, அந்த எண்ணுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் வைத்துச் சிறியதாக எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் தகடும் சிறிய விங்குமாகத்தான் இருக்கும். ‘உங்கள் ஈயம் எத்தனை கிலோ?’ என்று கேட்காமல் பையின் அளவைச் சொல்கிறவரிடம், அவர் கடைக்காரரானாலும் சரி கட்டுரையாளரானாலும் சரி, எதையும் வாங்காதீர்கள்.